இரவல் மாடுகள்

ஜூலை 19

சமையலறை அலமாரியைக் காலி செய்தோம். மூடி இல்லாத பாத்திரங்கள் ஒரு பக்கம், பாத்திரம் இல்லாத மூடிகள் ஒரு பக்கம். எந்த மூடியும் எதற்கும் பொருந்தவில்லை. இத்தனை வருஷம் எதை வைத்து எதை மூடிச் சமைத்தேனோ! வில்மார் ஒரு மூடியை எடுத்துக் கொல்லைப் பக்கம் வீசினான். அது சுழன்றுகொண்டே பறந்து கோழிக்கூண்டில் மோதியது. கோழிகள் போட்ட கூச்சலைக் கேட்டு நானும் ஒன்றை வீசினேன். ஐம்பத்தொன்பது வயது அக்காவும் ஐம்பத்தாறு வயதுத் தம்பியும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பண்ணையை விற்கப் போகிறோம். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. இன்னொரு தரம் எழுதுகிறேன். பண்ணையை விற்கப் போகிறோம்!

ஜூலை 20

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

எல்லாம் அந்த ரேடியோவால் வந்தது. மே மாதம் ஒரு காலை, எங்கள் தாகுவாரெம்போ வானிலை முடிந்து கடலோர வானிலை ஆரம்பித்தது. கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் நாட்டின் வடக்கே மாடு மேய்க்கிறவர்கள். ஆனால் சத்தத்தைக் கூட்ட நான் கை நீட்டினேன், அவனும் அதே நேரத்தில் கை நீட்டினான்.

"நீ எதுக்குடா கடலோர வானிலை கேக்கறே?"

"நீ எதுக்குக் கேக்கறே?"

அவ்வளவுதான். அவனுக்கு மாடுகளைப் பிடிக்காதாம். சின்ன வயதிலிருந்தே பிடிக்காதாம். எனக்காகத்தான் இருந்தானாம். நான் இருந்தது அவனுக்காக. விற்றால் செத்துப்போவான் என்று நான் பயந்துகொண்டிருந்தேன், நான் செத்துப்போவேன் என்று அவன் பயந்துகொண்டிருந்தான். இரண்டு முட்டாள்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தோம். பிறகு அவன் மாத்தே தேநீர்க் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து ஆடினான். வில்மார்! ஆடினான்!

ஜூன் மாதமே மாடுகளை எல்லாம் விற்றுவிட்டோம். போகப்போவது கடற்கரை ஊரான பிரியாபோலிஸில் இர்மாவின் மூன்றாம் மாடி வீட்டுக்கு. இர்மா எங்கள் சித்தப்பா மகள். ஜன்னலைத் திறந்தால் கடல், கீழே ரொட்டிக்கடை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தும்மினால் கேட்குமாம். எனக்கு அதுதான் வேண்டும், யாராவது தும்மிக் கேட்க வேண்டும். நவம்பர் வரைக்கும் உங்களுக்காக வைத்திருக்கிறேன், அதற்குமேல் முடியாது என்று சொல்லிவிட்டாள். ஆக, நவம்பருக்குள் விற்க வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

தோன் பிளாசிதோ வந்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர், மனைவியை இழந்தவர். இருபது வருஷமாக ஞாயிறுதோறும் வருகிறார். நாலு வாக்கியம் பேசுவார், அதில் இரண்டு மழையைப் பற்றி. இன்றைக்கு விஷயத்தைச் சொன்னோம். நான்தான் சொன்னேன், பாதிச் சிரிப்பும் பாதிப் பேச்சுமாக.

"எப்போ?" என்றார்.

"ஆள் கிடைச்ச உடனே!"

தலையை ஆட்டினார். மாத்தேயைப் பாதியிலேயே நீட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். தண்ணீர் ஆறிப்போயிருந்ததோ என்னவோ.

ஆகஸ்ட் 6

தரகர் இக்னாசியோ டவுனிலிருந்து வந்தான். சப்பாத்து பளபளவென்று இருந்தது, பாவம். முற்றத்தில் கால் வைத்ததுமே அது போயிற்று. வீடு முழுக்க நடந்து நடந்து, "இதை எடுத்துடுங்க, அதை மறைச்சுடுங்க" என்றான். சுவரில் மாட்டியிருந்த மாட்டுக்கொம்புகளை எடுக்க வேண்டுமாம். ஈரம் கோத்த கூரைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டுமாம். வாசலில் நிற்கும் செத்த டிராக்டரை எங்கேயாவது புதைக்க வேண்டுமாம். கேட்டின் மேலே இரும்பில் வளைத்து வைத்திருக்கும் எங்கள் மாட்டுச் சூட்டுக்குறியை மட்டும் பார்த்து, "இது அழகு, இது இருக்கட்டும்" என்றான். கவைக்கோல் மாதிரி இருக்கும், அப்பா காலத்துக் குறி.

போகும்போது புல்வெளியைப் பார்த்து முகம் சுளித்தான். மரியாதைக்குத் 'தோன்யா' போட்டு எல்லோரும் என்னைச் சீலா என்பார்கள், இவன் மட்டும் முழுப் பெயர். "ஒரு மாடுகூட இல்லையே தோன்யா எர்சிலியா! மாடு இல்லாத புல்வெளியை யார் நம்புவாங்க? புல்லுல சத்து இல்லைன்னு நினைப்பாங்க."

மாடுகள் விற்பனையில் சேராது அல்லவா என்றேன். சேராவிட்டாலும் கண்ணுக்கு வேண்டுமாம்.

ஆகஸ்ட் 9

பெயின்ட். தலையில் பெயின்ட், காதில் பெயின்ட். நாய் பாதி வெள்ளை.

ஆகஸ்ட் 13

இக்னாசியோ போன் செய்தான். ஆள் கிடைத்திருக்கிறதாம்! தலைநகர் மொந்தெவிதேயோவில் டயர் கடைகள் வைத்திருக்கும் ஒத்தோனெல்லோ என்ற அம்மாள். மாடு வளர்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசையாம். எங்களுக்குப் பிடிக்காதது அவளுக்கு ஆசை. உலகம் எவ்வளவு நல்ல உலகம்! பார்க்க வரும் நாள் ஆகஸ்ட் 30.

"முப்பதா? சாந்தா ரோசா நாளாச்சே!" என்றேன். அந்தப் புனிதையின் திருநாளை ஒட்டிப் புயல் அடிக்காத வருஷம் உண்டா? டவுன்காரனுக்குத் தெரியவில்லை. அந்த அம்மாளுக்கு வேறு நாள் ஒழியாதாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாடு பிரச்சினை தீர்ந்தது. தோன் பிளாசிதோவிடம் நாலைந்து நாளைக்கு இரவல் கேட்டோம். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

"எத்தனை வேணும்?" என்றார். ஏன், எதற்கு, ஒன்றும் இல்லை.

"ஒரு நாற்பது?"

"நல்லதாப் பொறுக்கி அனுப்பறேன்."

அவர் மாடுகள்! சிவப்பு உடம்பும் வெள்ளை முகமுமாக, எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கும். வில்மார் அவரைக் கட்டிப்பிடித்தான். அவர் மரம் மாதிரி நின்றார்.

ஒரு சிக்கல். ஒவ்வொரு மாட்டின் இடது தொடையிலும் அவருடைய சூடு இருக்கிறது. ஒரு வட்டம், மேலே ஒரு கோடு, தொப்பி போட்ட ஆள் முகம் மாதிரி. எங்கள் கேட்டில் கவைக்கோல், மாட்டில் தொப்பிக்காரன்!

வில்மார் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். வேணும் என்றால் மட்டும்தான் அவனுக்கு நான் அக்கா. "இங்க பாரு அக்கா. சாலையும் வீடும் புல்வெளிக்கு வடக்கே. இந்த மாசம் முழுக்கக் கிழக்குக் காத்து. பலமாக் காத்தடிச்சா மாடு என்ன பண்ணும்? வாலைக் காத்துக்குக் குடுத்துட்டு நிக்கும். அப்போ மூஞ்சி மேற்கே. சாலைப் பக்கம் தெரியறது வலது தொடை. வலது தொடையில சூடு கிடையாது!"

"காத்து திரும்பினா?"

"எதுக்குத் திரும்புது?"

"சாந்தா ரோசாடா!"

"அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றான். மாடுகளைப் பிடிக்காதவனுக்கு மாடுகளைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 26

இடி, கொஞ்சம் தூறல், கோழி இறகு நனையும் அளவுக்கு. வில்மார் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக் கைகூப்பினான். "இதுதான் சாந்தா ரோசா! வந்துட்டுப் போயிட்டா! இந்த வருஷத்துக் கணக்குத் தீர்ந்தது!"

வருஷா வருஷம் இந்த ஊரில் நடக்கிற சண்டைதான். முன்னால் வந்தது அவளா, பின்னால் வருவது அவளா? தோன் பிளாசிதோவிடம் போனில் கேட்டேன். "இது அவ இல்ல" என்றார். வில்மார் நம்பவில்லை. எனக்கும் நம்ப இஷ்டமில்லை, ஆகவே நம்பவில்லை.

ஆகஸ்ட் 29

மாடுகள் வந்துவிட்டன. தோன் பிளாசிதோவே குதிரையில் ஓட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றையும் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார் போலிருக்கிறது! வாலில் ஒரு சிக்குகூட இல்லை. "எதுக்கு இவ்வளவு சிரமம்?" என்றேன். "வித்துப் போகணும்னு ஆசைப்பட்டீங்களே" என்றார். நல்ல மனுஷர்.

கிழக்குக் காற்று. நாற்பதும் மேற்கே பார்த்து நிற்கின்றன, ராணுவ அணிவகுப்பு மாதிரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடல்! ரொட்டிக்கடை! தும்மல்!

ஆகஸ்ட் 31

நேற்று எழுத முடியவில்லை. இப்போதுகூட அந்த அம்மாள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஒத்தோனெல்லோ அம்மாள் காலையில் வந்தாள். குட்டையாக, கனமாக, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. இக்னாசியோ ஜீப்பை ஓட்டினான். சாலையில் நிறுத்தி மாடுகளைப் பார்த்தாள்.

"உங்களோடதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வில்மார், "எல்லாம் நம்மளோடதுதான் அம்மா! இந்தப் புல்லுலயே பிறந்து இந்தப் புல்லுலயே வளர்ந்தது!" என்றான். யார் கேட்டார்கள் அவனை? மாடு கண்ணுக்கு மட்டும் என்றுதானே பேச்சு!

மத்தியானம் வானம் ஊதா நிறமாயிற்று. வந்தாள் மகராசி. சாந்தா ரோசாவேதான், முழுசாக, வட்டியோடு. ஒரு மணி நேரத்தில் ஓடை நிரம்பிப் பாலத்தின் மேல் ஓடியது. ஜீப் திரும்ப முடியாது. மழை என்றால் என்ன செய்வோம், மாவைப் பிசைந்து கொழுப்பில் பொரிக்க ஆரம்பித்தேன். கண் ஜன்னலிலேயே இருந்ததில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம்.

முதலில் கூரை. நாங்கள் அடித்த பெயின்ட் கொப்பளித்துத் தொங்கி, இக்னாசியோவின் காபியில் விழுந்தது. அவன் ஒன்றும் நடக்காத மாதிரி கலக்கிக் குடித்தான்! பிறகு காற்று நின்றது. ஒரு நிமிஷம் எதுவும் அசையவில்லை. அப்புறம் தென்மேற்கிலிருந்து அடித்தது பாருங்கள், ஜன்னல் கதவு பறந்தது.

அந்த அம்மாள் ஜன்னலுக்குப் போனாள். பையிலிருந்து தொலைநோக்கியை எடுத்தாள். தொலைநோக்கி கொண்டுவருவாள் என்று யார் கண்டது! நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். புல்வெளியில் நாற்பது மாடுகளும் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. வால் மேற்கே, முகம் கிழக்கே, இடது தொடை எங்கள் பக்கம். குளிப்பாட்டிய தோலில் ஒவ்வொரு சூடும் எழுதி ஒட்டிய மாதிரித் தெரிந்தது.

"உங்க கேட்டுல கவைக்கோல் இருக்கு" என்றாள். "மாட்டு மேல தொப்பி போட்ட ஆள் இருக்கான். யார் அவன்?"

வில்மார் என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது, சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வருகிறது. கரண்டியைக் கீழே போட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எல்லாம் போயிற்று என்று தெரிந்தது, தெரிந்தும் சிரித்தேன்.

"வேற என்ன?" என்றாள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். மாடு பக்கத்து வீட்டுக்காரருடையது. கூரை பத்து வருஷமாக ஒழுகுகிறது. திரைச்சீலை பள்ளிக்கூட டீச்சருடையது. காற்றாலை சுற்றும், தண்ணீர் வராது. டிராக்டர் வைக்கோல் போருக்குள்ளே இருக்கிறது. இக்னாசியோ இடையில் நாலு தடவை இருமினான், நான் நிறுத்தவில்லை. சொல்லச் சொல்ல உடம்பு லேசானது.

அவள் ஒரு பொரித்த மாவை எடுத்துக் கடித்தாள். "நான் டயர் விக்கிறவ. வழுக்கை டயருக்குக் கறுப்பு மை பூசிக்கிட்டு வரவங்களைத் தினமும் பார்க்கிறேன். ஒருத்தர்கூட இப்படிச் சிரிச்சதில்ல" என்றாள். அவ்வளவுதான். வாங்குகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்னும் நாலு சாப்பிட்டாள்.

செப்டம்பர் 1

ஓடை வடிந்தது. போனார்கள். ஜீப்பில் ஏறும்போது, "அந்தத் தொப்பிக்காரர் வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கையைக் காட்டினேன். எதற்குக் காட்டினேன்?

செப்டம்பர் 5

மளிகைக் கடையில் வில்மார் கேட்டுவிட்டு வந்தான். அந்த அம்மாள் தோன் பிளாசிதோவின் பண்ணையைக் கேட்டிருக்கிறாளாம். மாட்டைக் கொழுக்க வைத்தது எந்தப் புல்லோ அதுதானே வேண்டும் அவளுக்கு! நியாயம்தான். நாங்களே கூட்டிக்கொண்டு வந்து, நாங்களே அவர் சரக்கைக் காட்டி, நாங்களே வழியும் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

அந்தக் காசுல அவர் கடலுக்குப் போவார், நான் இங்கேயே ஒழுகற கூரைக்கு அடியில கிடப்பேன். நல்லா இருக்கட்டும். போகட்டும். இருபது வருஷம் என் மாத்தேயைக் குடிச்சவரு, ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லலை. என்னடி எழுதறே சீலா? அந்த மனுஷர் மேல உனக்கென்ன கோபம்? அவர் பண்ணை, அவர் விற்கிறார்.

கோபம்தான். அழுகையும் வருகிறது. வீடு போனதற்காக மட்டுமா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

அவர் வரவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவை. அடுப்பில் தண்ணீரை மூன்று முறை சுட வைத்தேன்.

வில்மார் கடலோர வானிலையை அணைத்துவிட்டான்.

செப்டம்பர் 11

இர்மா போன் செய்தாள். ஒரு டாக்டர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனாராம். "நவம்பர்னு சொன்னேன், வார்த்தை மாற மாட்டேன், ஆனா கொஞ்சம் சீக்கிரம் சொல்லு சீலா" என்றாள். சொல்கிறேன் என்றேன். எதைச் சொல்ல?

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக ஓடுகிறது, பரவாயில்லை.

வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை இல்லை, கல்யாணத்துக்குப் போகிற சட்டை. உட்காரவில்லை. நான் மாத்தே ஊற்றவில்லை, ஊற்ற மாட்டேன் என்று இருந்தேன்.

"வித்துட்டேன்" என்றார்.

"சந்தோஷம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அந்தம்மாகிட்ட சொன்னேன். புல்லு என்கிட்ட இருக்கு, தண்ணி அவங்ககிட்ட இருக்கு. கோடைல என் மாடெல்லாம் அவங்க ஓடையிலதான் குடிக்குதுன்னு. உண்மைதானே? வேலியில அந்த இடைவெளிய நீங்க அடைச்சதே இல்லையே. அதனால ரெண்டையும் சேர்த்து வாங்கறதா இருந்தா என்னோடது விலைக்கு. இல்லைன்னா இல்லை."

வில்மார் ஸ்டூலிலிருந்து எழுந்தான். "அவ என்ன சொன்னா?"

"ரெண்டு வாரமா யோசிச்சா. நேத்து சரின்னா. இக்னாசியோ நாளைக்கு வருவான்."

அவர் இதுவரை என் வீட்டில் பேசியதிலேயே நீளமான பேச்சு இதுதான். எனக்கு முதலில் புரியவே இல்லை. பிறகு புரிந்தது, ஆனால் பாதிதான் புரிந்தது. "நீங்க ஏன் விக்கணும்? உங்களுக்கு இந்த இடம்னா உசுராச்சே?" என்று கேட்டேன்.

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினார், சுற்றினார். காது இரண்டும் சிவந்துவிட்டது.

"கடலைப் பார்த்ததில்ல" என்றார்.

"எந்த ஊர்க் கடலை?" என்றான் வில்மார், அந்தக் குறும்புக்காரன்.

தோன் பிளாசிதோ தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினார். என்னைத்தான் பார்த்தார். "ராத்திரி என் வாசல்ல நின்னா உங்க சமையலறை விளக்கு தெரியும். அது தெரியாத இடத்துல எனக்கு என்ன வேலை, தோன்யா சீலா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்தொன்பது வயது. பெயின்ட் பட்ட கவுன். வேறு கவுன் போட்டிருக்கக் கூடாதா! வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? "மாத்தே குடிக்கிறீங்களா?" என்றது.  வில்மார் வெளியே போய், கோழிகளிடம் ஏதோ முக்கியமான வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டான்.

செப்டம்பர் 15

இருபது வருஷம்! எவ்வளவு குருடாக இருந்திருக்கிறேன். நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 16

இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 22

டவுனில் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டோம். ஒத்தோனெல்லோ அம்மாள் ரப்பர் பூட்ஸோடே வந்திருந்தாள். நோட்டரி வாசிக்க வாசிக்க வில்மார் மேஜைக்கடியில் காலால் தாளம் போட்டான்.  அந்த அம்மாள், "கூரைக்கு நீங்க அடிச்ச பெயின்ட் என்ன கம்பெனி? சொல்லுங்க, அந்தக் கம்பெனியை மட்டும் வாங்கவே கூடாது" என்றாள். நோட்டரி உட்பட எல்லோரும் சிரித்தோம்.

மாலையில் நெருப்பு மூட்டி இறைச்சி சுட்டோம். அந்த அம்மாளுக்கு மாடு பார்க்கத் தெரிந்த ஆள் கிடைக்கும்வரை, டிசம்பரில் கோடை ஆரம்பிக்கும்வரை, தோன் பிளாசிதோ தன் பண்ணையிலேயே இருந்து கவனிக்கிறதாக ஏற்பாடு. நாங்கள் முதலில் கிளம்ப வேண்டும். அவர் அப்புறம் வருவார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை, கறியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பர் 12

பிரியாபோலிஸ். மூன்றாம் மாடி. கடல் இரவெல்லாம் ஓயவில்லை, சத்தத்தில் தூங்கவே முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காலையில் நாலு தடவை தும்மினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நவம்பர் 30

ஞாயிறு. போன் இல்லை. அவருக்குப் போன் என்றால் கை நீளாது, தெரியும். வில்மார் தினமும் மீன்பிடிக்கப் போகிறான், ஒன்றும் பிடிப்பதில்லை, அதற்கே சந்தோஷப்படுகிறான். நானும் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். வயசான காலத்தில் ஒருவர் ஊரை விட்டு வருவது சுலபமா என்ன? வராவிட்டாலும் தப்பில்லை. தப்பில்லை என்று எழுதிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை.

டிசம்பர் 17

மத்தியானம் தெருவில் யாரோ கை தட்டினார்கள். நிறுத்தி, மறுபடியும் தட்டினார்கள். எதிர்வீட்டு மாடியில் ஜன்னல் திறந்தது. கீழே ரொட்டிக்கடைக்காரி வெளியே வந்து பார்த்தாள். இந்த ஊரில் யார் கை தட்டுகிறார்கள்? எல்லா வாசலிலும் மணி இருக்கிறதே.

எங்கள் பக்கம்தான் கேட்டுக்கு வெளியே நின்று கை தட்டுவது வழக்கம். நான் ஓடிப்போய் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தொப்பி தெரிந்தது, அப்புறம் அண்ணாந்த முகம் தெரிந்தது.

"இறங்குங்க தோன் பிளாசிதோ, இறங்கி உள்ள வாங்க!" என்று கத்தினேன். குதிரையில் வந்தவரிடம் சொல்கிற பேச்சு அது. வாய் பழக்கம்! நடுத்தெருவில் நிற்கிற மனுஷர் எதிலிருந்து இறங்குவார்? தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். பல் தெரிய அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

லிஃப்ட்டை நம்பவில்லை, படியேறித்தான் வந்தார். இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்குவது கேட்டது. வில்மார் கைப்பிடிச் சுவரிலிருந்து குனிந்து, "பெட்டி கனமா இருக்கா? நான் வரட்டுமா?" என்று கேட்டான்.

"கனம்தான்" என்றார் கீழேயிருந்து. "எல்லாத் துணியும் இதுலதான் இருக்கு."

நான் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுக் கண்ணாடியில் தலையை வாரிக்கொண்டேன்.